ஆரம்பித்து மட்டும் தருகிற அப்பா

விடுமுறை நாட்களில் மட்டும் வெளியே தலைகாட்டும் ஓர் இனம் உண்டு. மற்ற நாட்களில் இவர்கள் கோப்பு பார்ப்பார்கள், பல் பிடுங்குவார்கள், நமக்கு முன்னால் வரிசையில் நின்று பால் வாங்குவார்கள். யாருக்கும் துளி சந்தேகம் வராது. ஆனால் பெற்ற பிள்ளையின் கையில் ஒரு கத்தரிக்கோலும் எதிரே ஒரு பசைப் புட்டியும் கண்ணில் பட்டுவிட்டால் போதும், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, "இப்படிக் கொடு, அப்பா ஆரம்பிச்சு மட்டும் தர்றேன்" என்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை.

இந்த இனத்தை நான் முதன்முதலில் நெருங்கிப் பார்த்தது உலகப் பண்பாட்டு அருங்காட்சியகத்தில், அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை. 'குடும்பத்தோடு முகமூடி செய்வோம்' என்று வாசலில் அறிவிப்பு. ஒரு பிள்ளைக்கு ஓர் அட்டை. இரண்டாவது கேட்டாலும் கிடையாது. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் தாங்கள் செய்த முகமூடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கூடமாக ஊர்வலம் போவார்கள். பிறகு அத்தனையும் மாடிப்படிச் சுவரில் தொங்கும்.

பாலம் கட்டுகிற பொறியாளர் ஒருவர் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் வந்து உட்கார்ந்தார். பாலம் கட்டுகிறவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அட்டையை நீட்டியபோதே அதை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து, "இது பாரம் தாங்காதே, தம்பி. நான் பாலம் கட்டுறவன், சொல்றேன்" என்றார்.

மகளுக்கு ஒரே ஓர் ஆசை. பேருந்தில் ஏறியதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்: ஊர்வலத்தில் அவள்தான் முதல் ஆளாக நடக்க வேண்டும். முகமூடியும் முடிவாகிவிட்டது. மூன்றாவது கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காது உடைந்த மர முகம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அப்பா, எனக்கு ஒரு காதுதான். இன்னொண்ணு தூங்கப் போயிடுச்சு."

"காது எங்கயாச்சும் தூங்கப் போகுமா கண்ணு? ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் எதுவும் நிக்கும். கொடு, ஆரம்பிச்சு மட்டும் தர்றேன்."

மகள்மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளுக்குள் அவருக்கு ஒரே கலக்கம். பக்கத்துப் பிள்ளைகளுடையது பளபளவென்று இருந்து, தன் பெண்ணுடையது கோணல்மாணலாகப் போய், யாராவது சிரித்துவிட்டால் அவள் முகம் வாடிவிடுமே. அந்தச் சின்ன முகம் வாடக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர் பென்சிலைப் பிடுங்கினார், அழிப்பானைப் பிடுங்கினார், சட்டைப் பையிலிருந்து சொந்த அளவுகோலை எடுத்தார், வரப்பு வெட்டுகிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுக்கோடு போட்டார். வாடியதா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்க்கத்தான் நேரமில்லை.

"நான் என்னப்பா செய்ய?"

"நீ பசையைப் பிடிச்சுக்கோ. அதுதான் முக்கியமான வேலை."

அவள் பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரம் பிடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏங்க, அவளுக்கு ஏழு வயசு. உங்களுக்கு எத்தனை?"

"ஆரம்பிச்சு மட்டும்தான் தர்றேன்மா."

"போன வாரம் அவளோட மண்வீட்டையும் ஆரம்பிச்சுத்தான் கொடுத்தீங்க. அதுக்கு லிஃப்ட் வெச்சது யாரு?"

அவர் காதில் விழவில்லை. இந்த நோய் தொற்றும் என்பது உங்களுக்குத் தெரியுமா? எதிர் மேசையில் சும்மா உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர், பொறியாளரின் நடுக்கோட்டை எட்டிப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், அடுத்த நிமிஷம் அவருடைய மகனும் கையில் பசையோடு நின்றான்.

கண் வைக்கும் கட்டம் வந்தது. கண்ணுக்கு அளவு வேண்டும், அளவுக்கு ஒரு முகம் வேண்டும். மகளைத் தேடினார், அவள் பசைப் புட்டியை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் போயிருந்தாள். எதற்குத் தொந்தரவு? கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முகம் இருக்கவே இருந்தது. அளவுகோலைத் தன் மூக்கின்மேல் குறுக்கே வைத்து, கண்ணுக்குக் கண் தூரம் அளந்து, நெற்றிக்கு அரை விரல்கடை கூட்டி, வெகு துல்லியமாக வெட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், அற்புதமான முகமூடி. காதுகள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

பன்னிரண்டு அடித்தது. மகளை அழைத்து, கிரீடம் சூட்டுகிற பவ்வியத்தோடு மாட்டினார். அது நெற்றியில் நிற்கவில்லை; மூக்கில் நிற்கவில்லை; நேராகக் கழுத்துக்கு இறங்கி மாலையாக நின்றது. மேலே பிடித்துப் பார்த்தால் கண் ஓட்டைகள் இரண்டும் அவளுடைய காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

பயிற்சி நடத்துகிற அக்கா வந்து பார்த்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, குரல் உயராது, ஆனால் யாரும் மீற மாட்டார்கள்.

"இது யாரு செஞ்சது?"

பொறியாளர் வாயைத் திறப்பதற்குள் மகள் பதில் சொன்னாள். "அப்பா. நான் பசை பிடிச்சேன்."

"அப்படின்னா அப்பாதான் போட்டுக்கிட்டு நடக்கணும். செஞ்சவங்கதான் நடக்கணும், அதுதான் இங்க விதி."

"அப்போ பாப்பா?" என்று பொறியாளர் கேட்டார். குரல் இறங்கிவிட்டது. அட்டை ஒன்றுதான், அது போயாயிற்று. பேருந்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்த முதல் இடமும் போயிற்று என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மகள் முதுகுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்தாள். வாசலில் இலவசமாகக் கொடுக்கிற அருங்காட்சியக வரைபடம். மேசைக்கடியில் மடித்து, விரலாலேயே குத்திக் கண் கிழித்து, மேலே ஒரே ஒரு காது. கழிப்பறைக்கு வழி காட்டும் அம்புக்குறி சரியாக மூக்காக வந்திருந்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. மாட்டினாள், கச்சிதமாக உட்கார்ந்தது.

அவள் முதல் ஆளாக நடந்தாள். வரிசையின் கடைசியில், இடுப்புயரப் பிள்ளைகளுக்குப் பின்னால், ஆறடிப் பொறியாளரும் மருந்துக்கடைக்காரரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். கோக்கச் சொன்னது அக்கா. மூன்றாவது கூடத்துக்கு வந்ததும், கண்ணாடிக்குள் இருந்த ஒற்றைக்காது முகத்துக்கு எதிரே மகள் நின்றாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடைசியில் நின்றவர், தன் கண் அளவுக்குக் கச்சிதமாக வெட்டிய ஓட்டைகள் வழியாக, அன்றைக்கு முதல் தடவையாக மகளைப் பார்த்தார்.

"ஏங்க, லிஃப்ட் எதுவும் வேணுமான்னு கேளுங்க" என்றார் புத்தகத்தோடு பக்கத்திலேயே நடந்து வந்த மனைவி.

அவர் கேட்கவில்லை.

இப்போது இரண்டு முகமூடிகளும் மாடிப்படிச் சுவரில், ஐந்தாவது படிக்கு நேராகத் தொங்குகின்றன. பெரியதன்கீழ் உள்ள சீட்டை மகளே எழுதினாள்: 'செய்தது அப்பா. வயது 43. பசை பிடித்தது நான்.' சிறியது ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து தொங்குகிறது. அதைப் போய் நேராக்கிவிட்டு வரலாம் என்று உங்களுக்குக் கை துறுதுறுக்கிறதா? வருகிற சனிக்கிழமை வாருங்கள். வரிசையின் கடைசியில் இடம் இருக்கிறது.