அடக்கமான நாற்காலி

கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டபோது நாற்காலியின் பின்னங்கால் இன்னும் வெளியே இருந்தது. டிசைனரம்மா பலமாக இழுத்தாள். நாற்காலி உள்ளே வந்தது, கால் வரவில்லை.

டிசைனரம்மா என்பது கணவர் வைத்த பெயர். கூரியர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு மரச்சாமான் வடிவமைப்புப் படிக்கப் போன நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். முதலில் ஒரு புத்தக அலமாரி செய்தாள். புத்தகம் வைக்காதவரை நேராக நின்றது. அடுத்து ஒரு ஸ்டூல். அதில் ஒருமுறை உட்கார்ந்த நாத்தனார், அதன்பிறகு எப்போது வந்தாலும் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தில் வைத்ததெல்லாம் கோணல் என்று டிசைனரம்மாவே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

ஆனால் இந்த நாற்காலி அப்படியில்லை. அன்னம் கழுத்தைத் திருப்பினாற்போல வளைந்த முதுகு, இழைத்து இழைத்து மெருகேற்றிய கைப்பிடி. சொந்தமாகச் செய்த ஒரு பொருளோடு வர வேண்டும் என்று அந்த மரச்சாமான் கம்பெனி சொல்லியிருந்ததால், இதைத்தான் நேர்காணலுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கழன்ற காலை அதன் குழியில் பொருத்தி, செருப்பைக் கழற்றி ஓங்கித் தட்டினாள். அந்தக் கால் உள்ளே போனது. தட்டிய அதிர்ச்சியில் எதிர்க்கால் வெளியே வந்தது. அதைத் தட்டினாள். அன்னத்தின் கழுத்து தொங்கியது.

வாசல் காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். மனசு கேட்கவில்லை போலும். தன் நாற்காலியிலிருந்து எழுந்து, குடோனில் கயிறு இருந்தால் எடுத்துவருகிறேன் என்று போனார். அதற்குள் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவைக்க டிசைனரம்மா வரவேற்பு மேஜைக்கு ஓடினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மேஜையில் இருந்த பெண், "உங்க நாற்காலி உள்ள போயிடுச்சு, நீங்களும் போங்க" என்றாள்.

அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளைத் துணி விரித்த மேடையில், பளிச்சென்ற விளக்கு வெளிச்சத்தில், காவலாளியின் நாற்காலி வீற்றிருந்தது. சாமான் தூக்குகிறவர் வாசலில் நாற்காலி மாதிரி தெரிந்த ஒரே பொருளைத் தூக்கி வந்திருக்கிறார். பக்கத்தில் கிடந்ததை விறகு என்று நினைத்திருப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அதற்குள், அப்பாவிடமிருந்து கம்பெனிப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருந்த முதலாளியம்மா நாற்காலியைச் சுற்றி வந்து, "இதுல ஒரு அடக்கம் இருக்கு" என்றாள்.

தான் செய்த பொருளை யாராவது ஒருவர் பாராட்டிக் கேட்க வேண்டும் என்று டிசைனரம்மா எவ்வளவோ நாளாக ஏங்கியிருந்தாள். இதைத் தான் செய்யவில்லையே என்பது அந்த நேரத்தில் சின்ன விஷயமாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

முதலாளியம்மாவுக்கு அருகில் தலைமை டிசைனர் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. பெரிய கலைஞர்கள் அழகைக் கண்டால் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலில் ஏன் சணல் சுற்றியிருக்கிறது என்று முதலாளியம்மா கேட்டாள். கட்டுமானத்தை மறைக்காமல் வெளிப்படையாகக் காட்டுவது தன் பாணி என்றாள் டிசைனரம்மா. உட்காரும் பலகை ஏன் குழிந்திருக்கிறது? உட்காருபவரின் உடம்பை மரம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. சொல்லும்போதே தனக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. நாற்காலி செய்வதைவிட நாற்காலியைப் பற்றிப் பேசுவது எவ்வளவு சுலபம்.

முதலாளியம்மா குனிந்து பார்த்தாள். பலகைக்கு அடியில் ஒரு பை தொங்கியது. அதற்குள் ஒரு டார்ச் லைட்டும் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன.

"இது?"

"தனியா உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு வெளிச்சமும் வேணும், பசிக்கும் ஏதாவது வேணும் இல்லையா மேடம்."

முதலாளியம்மா உருகிப்போனாள். இதையே நூற்றுக்கணக்கில் செய்யலாம் என்றவள், நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டச் சொல்லி, அடியில் காலும் பலகையும் சேரும் விசித்திரமான ஒரு பொருத்தைக் காட்டி, இதை எப்படிச் செதுக்கினாய், செய்முறையை விளக்கு என்றாள்.

அந்தப் பொருத்தை டிசைனரம்மா பார்ப்பதே அப்போதுதான். பேசாமல் கூரியர் கணக்குக்கே திரும்பிவிடலாம், அங்கே தவறினாலும் ரப்பர் இருக்கிறது என்று தோன்றியது.

அதுவரை வாய் திறக்காத தலைமை டிசைனர் சட்டென்று எழுந்தார். தொழில் ரகசியத்தை வேலை கொடுப்பதற்கு முன்னால் கேட்பது முறையல்ல என்றார். இவரை இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம், இதற்குமேல் ஒரு கேள்வியும் வேண்டாம், நாற்காலியை உடனே வெளியே அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். ஒருவர் திறமையை இன்னொருவர் இப்படித் தாங்கிப் பிடிப்பதை டிசைனரம்மா பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

வெளியே வரும்போது அவர் கூடவே வந்து, தணிந்த குரலில், "நாளையிலிருந்து வந்துடுங்க. இந்த நாற்காலிப் பேச்சை மட்டும் இனிமே யார்கிட்டயும் எடுக்காதீங்க" என்றார். எத்தனை எச்சரிக்கையான மனுஷர்.

வாசலுக்கு வந்தவளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி உறுத்தியது. காவலாளி கையில் கயிறோடு, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றிருந்தார். அவளுடைய அன்னத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து அழகாகக் கட்டியும் வைத்திருந்தார், விறகுக் கட்டு மாதிரியே.

அவளால் தாங்க முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். உங்க பொருளை என் பொருள்னு சொல்லி வேலை வாங்கிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க அண்ணே, உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள்.

காவலாளிக்குக் கோபமே வரவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்த நாற்காலியைத் தட்டி, வழக்கமான இடத்தில் போட்டு, பையில் பிஸ்கட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"விடுங்கம்மா. பெரியவர் காலத்துல தலைமை டிசைனர் சார் வேலை கேட்டு வந்த அன்னிக்கும் உட்கார இடமில்லாம நின்னு எனக்கு இதே கால்வலிதான்."