நாலுகம்பியின் தாடை

2022 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. வானம் மூடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. எதிர்வீட்டு முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில் என் வீட்டு அழைப்பு மணியை ஐந்து தடவை அடித்த ஆளைப் போல, கம்பெனிப் பெயருக்காக ஊரோடு சண்டை போட்டவன் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் முன்னும் இல்லை, இனியும் வரமாட்டான். சம்பளம் கொடுத்த கம்பெனிக்காகச் சண்டை போட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் பேஸ் கிட்டார் செய்கிற கம்பெனிகளுக்காக.

எங்கள் ஆலை இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. நான் அங்கே டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் வருகைப் பதிவேடு எழுதினேன். அவன் கிரேன் ஆபரேட்டர். பெற்றோர் வைத்த பெயர் பதிவேட்டில் இருந்தது. தினமும் எழுதிய நானே அதை மறந்துவிட்டேன். ஊர் முழுக்க அவன் நாலுகம்பி. எல்லோருடைய கிட்டாருக்கும் ஆறு கம்பி இருக்க, இவனுடையதற்கு மட்டும் நான்கு, அதுவும் தாம்புக்கயிறு தடிமனில். மீதி இரண்டை எந்தக் கடையில் போட்டாய் என்று கேட்காத ஆள் ஆலையில் கிடையாது.

உலகத்துக் கம்பெனிகளையெல்லாம் அவன் எங்கள் ஆலைக் கணக்கிலேயே தரம் பிரித்து வைத்திருந்தான்.

"அமெரிக்காக்காரன் மொதலாளி மாதிரி சார். கொரல் பெருசு. தோள்ல ஏறினா எறங்க மாட்டான். ஜப்பான்காரன் ஃபர்ஸ்ட் ஷிப்டு ஆளு, அஞ்சே முக்காலுக்கு கேட்டாண்ட நிப்பான். கொரியாக்காரன் கான்ட்ராக்ட் லேபரு. அவன்லாம் ஒரு ஆளா?"

"நம்மூர்க்காரன்?"

"மழைக்கு உப்புற கதவு சார்."

இந்த ஞானத்தால் அவனுக்கு ஒரு கல்யாணமே நின்றுபோயிற்று. பொன்னேரியில் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அண்ணன் கொரியா கிட்டார் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தான். ஐம்பது நிமிடம் வாக்குவாதம். பஜ்ஜி ஆறியது, காபி ஆறியது, சம்பந்தமும் ஆறிப்போனது. பெண்ணின் முகம் அவனுக்கு நினைவில்லை. அந்தக் கிட்டாரின் முதுகில் எத்தனை திருகாணி என்று மட்டும் இன்றைக்கும் சொல்வான். அடுத்துப் பார்த்த ஸ்டெல்லாவின் வீட்டில் வாத்தியம் எதுவும் இல்லாததால் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

அவர்கள் எங்களுக்குப் பக்கத்து வீடு. நான் விசில் எண்ணுகிறவன். அவர்கள் வீட்டில் பருப்புக்கு மூன்று, கறிக்கு ஆறு. ஒரு ஞாயிறு ஒன்பது விசில் வந்தது. இது என்ன கிழட்டு ஆடு என்று கவலைப்பட்டு எட்டிப் பார்த்தேன். குக்கரிலிருந்து கிட்டார் கம்பிகளை இடுக்கியால் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஓசை மந்தமானால் பேஸ்காரர்கள் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். குக்கரில் போட்டது இவன் ஒருவனாகத்தான் இருக்கும். அன்று அவர்கள் வீட்டு சாம்பாரில் இரும்புச்சத்து இருந்ததாக ஸ்டெல்லா என் மனைவியிடம் சொல்லி அழுதாள்.

கிட்டாரை அவன் சோதிக்கும் விதம் இன்னும் விசேஷம். ஸ்பீக்கரில் மாட்டிக் கேட்க மாட்டான். ஆலை இரைச்சலில் காது பாதி போய்விட்டது. மரத்தின் மேல் முனையில் இடது தாடையை அழுத்திக்கொண்டு தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டுவான். எலும்பு வழியாக ஓசை ஏறும். "ஸ்பீக்கர் பொய் சொல்லும் சார். தாடை சொல்லாது" என்பான். பழக்கதோஷத்தில் எங்கள் வீட்டு மரக்கதவு, பீரோ, புது ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் தாடை வைத்துப் பார்த்திருக்கிறான். ஃபிரிட்ஜுக்கு மட்டும் நல்ல சான்றிதழ் கிடைத்தது.

அவனிடம் இருந்தது பழைய ஜப்பான் கிட்டார். அந்த வருடம் மழையில் அது ஈரம் குடித்துவிட்டது என்று சந்தேகப்பட்டு, யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தான். அதைத் தன் கிரேன் கேபினுக்குள் கொண்டுபோய் வைத்தான். கேபின் தொங்குவது உலைக்கு மேலே. நாலு ஷிப்டில் ஈரம் போயிற்று. ஐந்தாவது ஷிப்டில் பசையும் உருகி, கிட்டார் கழுத்தின் மேல் ஒட்டியிருந்த பலகை அப்பளம்போல் எழும்பி வந்துவிட்டது. இரண்டு ரிப்பேர்காரர்கள் கைவிரித்தார்கள்.

வந்தது வினை. ஆலையின் மனமகிழ் மன்றத்தில் ஐந்து பேர் கொண்ட பாட்டுக் குழு உண்டு. அதில் பேஸ் வாசிப்பவன் நாலுகம்பி. ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருந்தது. குழுவில் கீபோர்டு வாசிக்கும் எலெக்ட்ரிகல் பிரிவுக்காரன், பேஸை இடது கையாலேயே போட்டுவிடலாம், இனி ஓர் ஆள் மிச்சம் என்று கமிட்டியில் சொன்னான். கமிட்டிக்கு அது பிடித்துவிட்டது. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் மேடையின் இடது மூலையில் நின்றவனாயிற்றே என்று பதினெட்டாயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். பூஜைக்குள் கிட்டார் வந்தால் நாலுகம்பி உண்டு. இல்லாவிட்டால் குழு இனி நால்வர்தான். ஓய்வு பெற்ற பிறகும் மன்றத்தின் பொருளாளர் நான்தான். அதனால்தான் அந்த ஐந்து மணியோசை.

"சார், இன்னும் நாஷ்டா ஆவலையா? டிரெயின் போய்க்கினே இருக்கும்" என்று வாசலில் நின்று குதித்தான்.

சென்னையில் நாங்கள் போன கிட்டார் கடைக்கு இருபத்தாறு படி. பத்து கிட்டார்களில் தாடை வைத்தான். கடைப் பையன் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். பதினெட்டாயிரத்துக்குள் இருந்த ஏழும் ஊமை. மற்ற மூன்றும் திக்குவாய். பதினொன்றாவதில் தாடை வைத்துத் தட்டியவன் கண்ணை மூடினான். திறக்கவில்லை. நான் எண்ணினேன், பதினான்கு நொடி. பிறகு நிமிர்ந்து தலைப்பக்கத்தில் கம்பெனிப் பெயரைப் படித்தான். முகம் கருத்துவிட்டது.

கொரியா.

"பல்லுவலி சார். அதான் தாடை தப்பா சொல்லுது" என்று வலது தாடைக்கு மாற்றினான். மறுபடி கண் மூடியது. "ரெண்டு பக்கமும் வீங்கிக்கீது போல. நீங்க வச்சு பாருங்க சார், நீங்க பொதுவான ஆளு."

எனக்கு வயது அறுபத்தொன்பது. கடையில் நான்கு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் தாடையை வைத்தேன். அவன் தட்டினான். என் கீழ்வரிசைப் பல்செட் கடகடவென்று ஆடி, கழன்று, நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

"சார், உங்க பல்லே எழுந்து நின்னு சொல்லுது" என்றான். சிரிக்கவில்லை. தேவாலயத்தில் பேசுகிற குரல் அது.

விலைச்சீட்டைப் பார்த்தான். இருபத்தாறாயிரத்து ஐந்நூறு. நான் ஒரு மணி நேரம் பேரம் பேசியதில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது இறங்கியது. அதற்கு மேல் கடைக்காரர் அசையவில்லை. நாலுகம்பி கிட்டாரைப் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தான். அது சரியாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தான்.

"வாங்க சார், போலாம். கீபோர்டுக்காரன் இடது கையாலயே போட்டுக்கட்டும். கொரியாக்காரனப் பத்தி இத்தினி வருசம் பேசினதுக்குத்தான் இது. பேஜாரு இல்ல. மேடைக்குக் கீழ உக்காந்து கேக்கறதும் நல்லாத்தான் இருக்கும்."

எதிர்க்கடையில் டீ சொல்லச் சொல்லி அவனை அனுப்பினேன். அவன் திரும்பி வருவதற்குள் கிட்டார் உறைக்குள் போயிருந்தது. பதினெட்டாயிரத்துக்கே கடைக்காரர் ஒப்புக்கொண்டார் என்று சொன்னேன். ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை.

"பாத்தீங்களா? கொரியாக்காரன் எறங்கி வருவான் சார். ஜப்பான்காரனா இருந்தா ஒரு ரூபா கொறைச்சிருக்க மாட்டான்."

ஆயுத பூஜை அன்று எந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, முற்றத்தில் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நாலுகம்பி கம்பெனிப் பெயரின் மேல் கருப்பு டேப் ஒட்டிக்கொண்டு மேடையேறினான். எந்தக் கம்பெனி என்று கீபோர்டுக்காரன் கேட்டான்.

"வாசிக்கறப்போ பேரா கேக்குது? வேலையப் பாருய்யா" என்றான், பெயருக்காகவே பாதி ஆயுளைச் சண்டையில் கழித்தவன்.

முதல் பாட்டு தொடங்கியதும் நாற்காலிகள் லேசாக அதிர்ந்தன. கீபோர்டுக்காரனின் இடது கை மடியில் கிடந்தது. ஸ்டெல்லா முதல் வரிசையில் உட்கார்ந்து, மேடையின் இடது மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பாட்டு வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மன்றக் கணக்கில் பதினெட்டாயிரம் என்றுதான் இருக்கிறது. அதற்கு மேல் என் சட்டைப் பையிலிருந்து போனது, வாழ்நாளில் மறுமுறை எண்ணிப் பார்க்காமல் நான் கொடுத்த ஒரே தொகை: ஏழாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.