காய்ச்சலே இல்லாத ஊரும் முட்டை சாரும்

பூஜ்யத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்ட மனுஷர் உலகத்திலேயே எங்கள் முட்டை சார் ஒருவர்தான். போன ஆவணியில் ஜவ்வாது மலைக்கு வந்து என் வீட்டு முன்னறையில் குடியேறினார். அரசாங்கம் இணையத்தில் வெளியிடும் நோய்க் கணக்கை வைத்து ஆராய்ச்சி. சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி லேப்டாப்பைத் திறப்பார். எந்தக் கட்டத்தில் முட்டை இருந்தாலும் அங்கேயே நின்றுவிடுவார்.

"நெசமாவே இல்லையா, இல்ல யாரும் எழுதலையா?"

நான் எட்டாவது படித்தவன். எட்டிப் பார்த்தேன். ஆடி மாதம் எங்கள் ஊருக்கு நேரே காய்ச்சல் முட்டை! அந்த ஆடியில் கூழ் ஊற்றியவன் நான். சும்மா இருப்பேனா? "மாரியம்மா காய்ச்சலை ஒழிச்சுட்டா, கவர்மெண்டே சொல்லுது!" என்று கோயில் மைக்கில் முழங்கினேன். பேனரும் வைத்தேன். அதில் அம்மனைவிட என் படம் பெரிது.

மாதாமாதம் ஜீப்பில் வரும் டாக்டரம்மா பேனரைப் படித்தார். "காய்ச்சலே இல்லைன்னா, ஜீப்பை வேற ஊருக்கு அனுப்பிடலாமே." ஜீப் நின்றால் ஊசிக்குக்கூட மலையிறங்க வேண்டும். ஊரே என்னை முறைத்தது.

முட்டை சார் திட்டவில்லை. "எழுதுற நர்சம்மா அந்த மாசம் பிரசவ லீவுண்ணே. காய்ச்சல் லீவு போடல. வாங்க, வூடு வூடா கேட்போம். மொதல்ல உங்க வூடு."

என் மனைவி சிரித்தாள். "இன்னா சார், இந்த மனுஷன்தான் போர்வையைப் போத்திக்கினு கூழ் ஊத்துனாரு! கை ஆடுன ஆட்டத்துல பாதி கூழ் நாய்க்கு."

"அது அருள் வந்த நடுக்கம் சார்."

"இருக்கலாம்ணே. மாத்திரை எத்தினி போட்டீங்க?"

முதல் நோயாளியாக என்னை எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை எழுத மாட்டார்; காய்ச்சல் வந்தவரையே கேட்பார், மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வார்.

"ஜீப் நின்னுடக் கூடாது சார், நாலு பேரைச் சேத்துப் போடுங்க" என்றேன்.

"இல்லாததை எழுதுனா, இருக்கறதையும் நம்ப மாட்டாங்கண்ணே."

அடுத்த ஜீப் வந்தபோது, பேனருக்குக் கீழே நின்று என் பெயரில் தொடங்கி அந்தப் பட்டியலை நானே படித்தேன். டாக்டரம்மா சிரித்து முடிக்கவே நேரமானது. ஜீப் நிற்கவில்லை, இன்றும் வருகிறது.

சார் வேறு மலைக்குப் போய்விட்டார். மலையடிவாரத்துப் படவேட்டு அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்யும்போது, என் பிள்ளைகளின் பெயர்களோடு அவர் பெயரையும் சொல்கிறேன். அவர் நட்சத்திரம் தெரியாது, என்னுடையதையே கொடுத்துவிடுகிறேன்.