ஸ்டெல்லா தலைக்கு நான் போட்ட கட்டு

பொறாமைக்கு மருந்து கிடையாது. காலமெல்லாம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், நம்பலாம். எனக்கு அந்த வியாதி தொற்றியது ரங்கூனில், நர்ஸ் படிக்கப் போன இடத்தில், ஸ்டெல்லா என்பவள் விடுதியில் என் பக்கத்துக் கட்டிலுக்கு வந்து சேர்ந்த அன்று. அவள் தொப்பி வைத்தால் ராத்திரிவரை நேராக நிற்கும். என்னுடையது மத்தியானத்துக்குள் புருவத்துக்கு இறங்கிவிடும். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து இருவரும் கப்பலேறி ஓடிவந்தபோது கப்பலில் வாந்தி எடுக்காதவர்களே இல்லை, அவளைத் தவிர. (அதுகூடவா, மாதாவே!)

மெட்ராஸில் இறங்கினால் புதுச் சிக்கல். பர்மாவை வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டிருந்ததால், இதே மெட்ராஸில், சாந்தோமில் பிறந்த நான் 'வெளிநாட்டில் படித்த நர்ஸ்' ஆகிவிட்டேன். இங்கே பதிவு வேண்டுமென்றால் மறுபடியும் செய்முறைப் பரீட்சை. பதிவு இல்லாதவரை தொப்பியும் இல்லை, நர்ஸ் என்ற பெயரும் இல்லை. தியாகராய நகரில் ஒரு டாக்டரிடம் ஆயாவாக மருந்துப் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ரங்கூனில் எங்களுக்குத் தலைமை நர்ஸாக இருந்த மேட்ரன் பம்பாயிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்: அங்கே வந்தால் பரீட்சையில்லாமல் பதிவுக்கு ஏற்பாடு செய்வாராம், வேலையும் தயாராம். புத்தியுள்ளவள் அன்றைக்கே ரயிலேறியிருப்பாள். நான் மந்தைவெளிக்குப் போய், அண்ணன் வீட்டில் தங்கியிருந்த ஸ்டெல்லாவிடம் பெருமையடித்தேன்.

அவள் தலையை வாரிக்கொண்டே, "நான் மெட்ராஸ்லயேதான் பரீட்சை எழுதப்போறேன். நீ பம்பாய்க்கே போ, மேரி. உனக்கு அதான் சுலபம்" என்றாள்.

சுலபமாமே! எனக்கு! வயிறு பற்றிக்கொண்டது. வீடு வந்து சேர்வதற்குள் மெட்ராஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மீன் வியாபாரம் செய்துகொண்டிருந்த என் சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா இது? பம்பாய்ல வா வான்னு கூப்ட்டுக்கினு கீறாங்க. நீ இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு பரீட்சை எய்தணும்ன்றே?"

"மெட்ராஸ் பதிவுக்குத்தான் மதிப்பு, சித்தப்பா" என்றேன். (புளுகு.)

பரீட்சை நாளும் வந்தது. பரீட்சை வைத்த டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். இரண்டு முனையிலிருந்தும் சுருட்டிய இரட்டைச் சுருள் துணியால் தலைக்குக் கட்டுப் போடவேண்டும், ஒருவருக்கொருவர் நோயாளி. என்னோடு ஜோடி சேர்த்தது யாரை என்று சொல்லவும் வேண்டுமா?

முதலில் ஸ்டெல்லா எனக்குப் போட்டாள். "அழகு" என்றார் டாக்டரம்மா. எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். நிஜமாகவே அழகாக இருந்தது. என் சொந்தத் தலையில் அவள் ஜெயித்து உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்கமுடியவில்லை.

அடுத்தது என் முறை. அவளைவிட வேகமாக, அவளைவிட இறுக்கமாகச் சுற்றினேன். "மேரி, காது... காது மடங்குது..." என்று முனகினாள். எனக்குச் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கப் பார்க்கிறாளா? அந்தக் காதுக்கு மேலேயே இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, ஊக்கைக் குத்தி, டாக்டரம்மாவுக்கு வணக்கம் வைக்க மிடுக்காகத் திரும்பி நடந்தேன்.

பின்னால் ஒரு அலறல். திரும்பினால், ஸ்டெல்லா தலையை முன்னே நீட்டிக்கொண்டு என்னோடு வந்துகொண்டிருந்தாள். கட்டோடு சேர்த்து என் முந்தானையையும் ஊக்கில் மாட்டியிருந்தேன். பதறி இழுத்தேன். ஸ்டூல் சாய்ந்தது, மேஜையிலிருந்த லோஷன் பேசின் கவிழ்ந்தது, டாக்டரம்மாவின் செருப்பு மிதந்தது.

அவர் கோபப்படவில்லை. "நோயாளியை வீட்டுக்கே கூட்டிண்டு போறியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்டெல்லா தேறினாள். நான் தேறவில்லை.

திரும்பும் டிராமில் பக்கத்துப் பக்கத்து இடம். அவள் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். மயிலாப்பூர் நெருங்கும்போது திடீரென்று அழுதாள். "பம்பாய்க்கு நானும்தான் கேட்டேன். ஒரு இடந்தான் இருக்கு, அது மேரிக்குன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. எத்தனை நாள் தூங்காம வயிறெரிஞ்சேன் தெரியுமா? நீ என்னடான்னா அதை வேணாம்னுட்டு வந்து என் காதைத் திருகறே!"

என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்! அந்தச் சந்தோஷம் சாந்தோம் வரைகூட நிற்கவில்லை. நான் வேண்டாமென்றதுமே பம்பாய் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது நினைவுக்கு வந்தது.

அடுத்த பரீட்சைக்கும் ஸ்டெல்லாவே தலையைக் கொடுத்தாள். "முந்தானைய இடுப்புல சொருகிட்டு வா" என்ற ஒரே நிபந்தனையோடு. தேறினேன். தொப்பியும் வந்தது, வழக்கம்போல் மத்தியானத்துக்குள் புருவத்துக்கு இறங்கியது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது அடுத்தவரைப் பார்த்து ஒரு பட்டுப்புடவையோ படிப்போ தேர்ந்தெடுத்தால், "முந்தானை எங்கே மாட்டியிருக்கு பாரு" என்று சிரிப்பார்கள். ஸ்டெல்லா வந்துவிட்டால் போதும், தன் இடது காதை என் பேரப்பிள்ளைகளிடம் காட்டி, "உங்க பாட்டி மடிச்சது, இன்னும் நிமிரல" என்பாள். பிறவியிலேயே அப்படித்தான் என்று நான் சாதிப்பேன். அந்த மடிந்த காதிலும் கம்மல் என்னைவிட அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது.