செஞ்சேவல் மீது வழக்கு

தயாபரன் வழக்குப் போடுவதென்று முடிவெடுத்துவிட்டான். எதிராளி, பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவின் செஞ்சேவல். சேவலுக்கு அடையாள அட்டை இல்லாததால் அக்காவின் பெயரில் போட வேண்டியதாயிற்று.

நமுனுகுலயிலிருந்து தினமும் பஸ் ஏறி, பதுளை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறவன் அவன். பகலெல்லாம் வழக்குத் தாள்களைக் கொப்பி எடுப்பதால் சட்டம் விரல் வழியாகத் தலைக்கு ஏறிவிட்டது என்பது அவனுடைய நம்பிக்கை. அந்த ஞாயிறு காலை, குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். அவன் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியில் ஓர் இலை மிச்சமில்லை. மன உளைச்சல் உடனே தொடங்கிவிட்டது.

"நாலு போஞ்சிக்கொடிக்கா கோர்ட்டு?" என்றாள் மனைவி தனலெட்சுமி.

"கொடிக்கு இல்ல தனம். மனசுக்கு."

"மனசுக்கு எம்புட்டு கேப்பீங்க?"

"காசே கேக்க மாட்டேன். நட்டஈட்டுச் சட்டத்துல உள்ள பிழையே அதுதான். நான் திருத்தப் போறேன். நட்டம் செஞ்சவங்க ஒடம்பால ஈடு செய்யணும். அக்கா வீட்டுக்காரரு பொன்னையா அண்ணன், ஞாயித்துக்கிழமைல நமக்கு வெறகு பொளக்கட்டும். வருசம் முச்சூடும்."

விஷயம் அங்கேதான் இருந்தது. தயாபரனுக்கு லீவு ஞாயிறு மட்டும். அந்த ஒரு நாளையும் விறகு தின்றுகொண்டிருந்தது.

தனலெட்சுமி யோசித்தாள். "நல்ல சட்டந்தான். ஆனா ஒரு ஓட்டை இருக்குங்க. போறவன் வாறவனெல்லாம் பொய் வழக்குப் போட்டா?"

தயாபரனுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரிக்கும் சட்டம் ஏறுகிறதே! "பொய்யின்னு தெரிஞ்சா, போட்டவனே எதிராளி வீட்டுல அந்த வேலையச் செய்யணும்."

"இத அக்கா முன்னால ஒருதரம் சொல்லிருங்க. மத்தியஸ்த சபைக்கு அலையாம இங்கேயே முடிச்சிரலாம்."

அக்கா வந்தாள். தயாபரன் இரண்டு பிரிவுகளையும் வாசலில் நின்று முழங்கினான்.

"ஒத்துக்கிறேன் தம்பி. ஆனா எங்க சேவல்தான்னு எப்பிடிச் சொல்றீங்க?"

சாட்சி இல்லாத வழக்கு நிற்காது என்பதைக் கொப்பி எடுத்தே அறிந்தவன் அவன். "இன்னைக்குக் காலைல என் ரெண்டு கண்ணால பார்த்தேன்க்கா. கொண்டைய ஆட்டி ஆட்டிக் கொத்துச்சு. வெரட்டினேன், மொறச்சுது!"

அக்கா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க," என்றாள் தனலெட்சுமி, "வெள்ளிக்கிழம முனியாண்டி சாமி பூசை முடிஞ்சி அக்கா கோழிக்கறி குடுத்து விட்டாங்களே, கால எனக்குன்னு எடுத்து வச்சிக்கிட்டது யாரு?"

தயாபரனின் நாக்குக்கு ருசி நினைவு வந்தது. மற்றது பிறகுதான் வந்தது. "அது... செஞ்சேவலா?"

"எங்கருந்து தம்பி மொறச்சுது?" என்றாள் அக்கா. "கொழம்புச் சட்டிக்குள்ள இருந்தா?"

"அப்ப போஞ்சியத் தின்னது?"

தனலெட்சுமி கையை நீட்டினாள். அவர்களுடைய சொந்த ஆடு, வாயோரம் ஒரு கொடி தொங்க, நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் அதைக் கட்ட மறந்தவன் தயாபரன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"காலைலயே பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க சட்டம் திருத்திக்கிட்டு இருந்தீங்க. குறுக்க பேசலாமா?"

அடுத்த ஞாயிறு, பொன்னையா அண்ணன் வாசலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்தபடி, தன் வீட்டு விறகைத் தயாபரன் பிளப்பதை ரசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வாசலிலிருந்து ஒரு குரல் அன்பாக வந்தது:

"என்னங்க, அங்க முடிச்சிட்டு வாங்க. நம்ம வெறகு அப்பிடியே கெடக்கு!"