ஐந்தாவது பெருந்தன்மைக் கோப்பை

மனித இனம் நாகரிகத்தின் உச்சியைத் தொட்டது எங்கே, எப்போது என்று சரித்திர ஆசிரியர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்களில் ஒருவரும் மும்பை மாதுங்காவுக்கு வந்ததில்லை. வந்து, ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்தின் முதல் மாடியை எட்டிப் பார்த்திருந்தால் விவகாரம் அன்றே தீர்ந்திருக்கும். அங்கேதான் 'மாதுங்கா–செம்பூர் மேசைப்போர் மன்றம்' வருடா வருடம் சனி, ஞாயிறு இரண்டு நாள் போட்டி நடத்துகிறது.

மேசைப்போர் என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. ஆறடிக்கு நாலடி மேசை. அதன்மேல் தெர்மாகோல் மலை, பாத்திரம் தேய்க்கும் நாரில் புதர், நடுவில் ஒரு பாலம். இரு பக்கமும் கட்டைவிரல் உயரத்தில் பொம்மைச் சிப்பாய்கள். டேப் பிடித்து அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டிச் சுடுவார்கள். கடைசியில் பாலம் யார் கையில் இருக்கிறதோ அவர் ஜெயித்தார். ஐம்பது வயது ஆடிட்டர் தரையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தன் பீரங்கிக்கு எதிரி தெரிகிறானா என்று பார்க்கிற காட்சியைக் கண்டால் நாட்டின் எதிர்காலம் பற்றி யாருக்கும் கவலையே வராது.

ஆனால் ஜெயிப்பதெல்லாம் அங்கே அற்ப விஷயம். ஜெயித்தவருக்குத் தரும் கோப்பையில் அரை டம்ளர் காபி நிற்காது. மன்றத்தின் மாபெரும் கௌரவம் 'பெருந்தன்மைக் கோப்பை'. இரண்டடி உயரம், தேக்குப் பீடம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் பெருந்தன்மைக்குப் பத்துக்கு இத்தனை என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். ஐந்து ஆட்டம், ஐம்பது மார்க். முதலில் வருபவரின் பெயர் பித்தளைத் தகட்டில் பீடத்தில் ஏறும். தொடர்ந்து ஐந்து வருடம் வாங்கினால் கோப்பையே சொந்தம். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

வைத்தீஸ்வரன் நாலு வருடம் வாங்கிவிட்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டெபுடி மேனேஜரான அவருடைய பெருந்தன்மை தற்செயலாக வந்ததல்ல, உழைத்துச் சம்பாதித்தது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, "பேஷ்! என்ன அருமையான மூவ்!" என்று இருபது தடவை சொல்லிப் பார்ப்பார். எதிராளிகளில் யாருக்குச் சர்க்கரை உண்டு, யாருக்கு இல்லை என்று குறித்துவைத்து இரண்டு ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோவார். எல்லாவற்றுக்கும் மேல், தோற்கும் கலை. சும்மா தோற்றால் எதிராளிக்கு அவமானம், ஜெயித்தால் அவனுக்கு எரிச்சல். மயிரிழையில் தோற்று, பெருமூச்சு விட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினால் பத்துக்குப் பத்து நிச்சயம்.

"தோக்கறதுக்கு இத்தனை பிராக்டீஸ் பண்றேளே, ஜெயிக்கறதுக்குப் பண்ணியிருந்தா எப்பவோ ஜெயிச்சிருப்பேள்" என்பாள் மனைவி பாகீரதி.

"உனக்குப் புரியாது. அது விளையாட்டு. இது பண்பு."

பண்போடு சேர்ந்ததுதான் முன்னேற்பாடும். ஷோகேஸில் கோப்பைக்காக ஒரு தட்டு காலியாகிவிட்டது; அங்கிருந்த பாகீரதியின் கொலு பொம்மைகள் பரணில் ஏறிவிட்டன. ஐந்தாவது தகட்டையும் தாராவியில் ஒரு கடையில் சொல்லிப் பொறித்து வாங்கிவிட்டார். போட்டி முடிந்து மன்றம் ஆர்டர் கொடுத்துத் தகடு வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அதுவரை மொட்டையாகவா கோப்பையை வைத்துக்கொள்வது?

முதல் நாலு ஆட்டமும் வழுக்கிக்கொண்டு போயின. நாலிலும் மயிரிழையில் தோற்றார். ஜெயித்த நால்வரில் ஒருவனான தேவ்நார் சைஃப் உணர்ச்சிவசப்பட்டுக் கட்டியே பிடித்துக்கொண்டான். வைத்தீஸ்வரன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சீட்டில் அவனுக்கு மூன்று மார்க் போட்டார். எல்லாருக்குமே மூன்றுதான். பிறருக்குத் தலைக்கனம் வந்துவிடக் கூடாது என்கிற அக்கறை.

ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவன் மாரிசெல்வம். தாராவிக்காரன், பட்டறை வேலை, மன்றத்துக்குப் புதிது. சிப்பாய்களைத் தானே வார்த்துத் தானே பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தான். குரல் மட்டும் நாலு மேசைக்குக் கேட்டது.

"வணக்கம் சார். உங்க பேர எங்கயோ பாத்திருக்கேன். எழுத்தெழுத்தாப் பாத்த மாதிரி இருக்கு."

"போன வருஷத் தகட்டுல பாத்திருப்பேள்" என்று அடக்கத்தோடு சொல்லிவிட்டு வைத்தீஸ்வரன் ஃபிளாஸ்கைத் திறந்தார். "சர்க்கரை உண்டோ?"

"உடம்புலயா, காப்பியிலயா சார்?"

ஆட்டம் ஆரம்பித்தது. வைத்தீஸ்வரனின் பீரங்கி முதல் குண்டிலேயே ஆறு போட்டுத் தொலைத்தது. ஆறு என்றால் மாரிசெல்வத்தின் ஐந்து பேர் காலி. நாசமாய்ப்போன பகடை! சட்டென்று கையால் மூடி எடுத்து, "ஒண்ணு. அடடா, குறி தப்பிடுத்து" என்று உச்சுக்கொட்டினார்.

"நில்லுங்க சார். அது ஆறு."

"இல்லைப்பா, ஒண்ணு."

"நான் பாத்தேன்லா! ஆறுதான். எங்க ஆளு அஞ்சு பேரு செத்துட்டான்." சொல்லிவிட்டுத் தன் சிப்பாய்கள் ஐந்து பேரைத் தானே எடுத்துப் பெட்டியில் படுக்கவைத்தான்.

வைத்தீஸ்வரன் அடுத்த உபாயத்துக்குத் தாவினார். பாலத்துக்கு ஏழு அங்குலத்தில் நின்ற தன் காலாட்படையை முழங்கையால் நாசூக்காகப் பின்னால் தள்ளினார். மாரிசெல்வம் டேப்பை நீட்டினான்.

"அரே, ஏழு இஞ்ச்ல நின்னுச்சு, இப்ப ஒம்போது காட்டுது. கை பட்டுருச்சு போல சார்." முன்னால் நகர்த்தி வைத்தான்.

குதிரைப்படையை நகர்த்த மறந்தவர்போல இருந்தார். "சார், குதிரைய மறந்துட்டிய! இப்பப் பாஞ்சா எம் பீரங்கி மூணும் காலி. நல்லா யோசிங்க." பாயவேண்டியதாயிற்று. மூன்றும் காலி.

கடைசிச் சுற்று. மறுபடி ஆறு, மறுபடி "ஒண்ணு." மாரிசெல்வம் எழுந்தே விட்டான்.

"மேடம்! இங்க வாங்க! சார் ஏமாத்துதாரு!"

அக்கம்பக்கத்து மேசைகளில் பகடை நின்றது. நடுவர் ஷ்ருதி ரூல் புத்தகத்தோடு ஓடிவந்தாள்.

"என்ன ஏமாத்தினார்?"

"ஆறு விழுந்தா ஒண்ணுங்காரு மேடம்."

"அதுல அவருக்கு என்ன லாபம்?"

"அதான் எனக்கும் வெளங்கல."

ஷ்ருதி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினாள். ஒருவர் தன்னைத்தானே ஏமாற்றித் தோற்பதற்குத் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. "ஆறு ஆறுதான். ஆட்டத்தைத் தொடருங்க" என்று தீர்ப்பு வந்தது. இரண்டே நிமிடத்தில் பாலம் வைத்தீஸ்வரன் கைக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது வருட மன்ற வாழ்வில் அவருடைய முதல் வெற்றி. கண்ணில் நீர் முட்டியது.

ஜெயித்தாயிற்று, போதாக்குறைக்கு 'ஏமாத்துதாரு' பட்டம் வேறு. இவன் பூஜ்யம்தான் போடப்போகிறான், நாலு வருட உழைப்பும் போச்சு. தன் சீட்டில் மாரிசெல்வத்துக்கு மூன்று போட்டார். காரணம் என்ற இடத்தில், 'நேர்மையை வற்புறுத்தி ஆட்டத்தின் இனிமையைக் கெடுத்தார்' என்று எழுதினார். எதிரே மாரிசெல்வம் பேனாவைக் கடித்தபடி அவர் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "அட!" என்று சொல்லிக்கொண்டு எதையோ எழுதி மடித்தான்.

பரிசளிப்பு. ஷ்ருதி மைக்கைப் பிடித்தாள்.

"பெருந்தன்மைக் கோப்பை. ரெண்டாவது இடம், மாரிசெல்வம், நாப்பத்து மூணு. முதல் நாலு ஆட்டத்துல நாப்பதுக்கு நாப்பது. முதல் இடம், ஐம்பதுக்கு ஐம்பது, அஞ்சாவது தடவையா, வைத்தீஸ்வரன் சார்!"

அவருக்குக் காதை நம்ப முடியவில்லை. பூஜ்யம் இல்லை, பத்து! மேடைக்குக் கிட்டத்தட்ட ஓடினார். "தகடு அடுத்த வாரம்..." என்று ஷ்ருதி ஆரம்பிப்பதற்குள் பைக்குள் கை போய்விட்டது.

"எதுக்குச் சிரமம்? ஒரு நலம்விரும்பி, இப்பதான் ரிசல்ட் கேள்விப்பட்டு, அவசர அவசரமாப் பொறிச்சு அனுப்பிட்டார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

ஷ்ருதி வாங்கி மைக்கில் வாசித்தாள். "'பெருந்தன்மையின் சிகரம் வைத்தீஸ்வரன் அவர்களுக்கு, எதிராளிகள் ஐவரும் ஒருமனதாக மனமுவந்து அளித்தது.' ரொம்ப நல்லா இருக்கு சார். ஓரத்துல சின்னதா ஒரு தேதி போட்டிருக்கே? பதினாலு. இன்னிக்கு இருபத்தொம்பது ஆச்சே?"

வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

"அது வெட்டுன தேதி மேடம்" என்றான் மாரிசெல்வம். "எங்க பட்டறை வழக்கம். எந்தத் தகடா இருந்தாலும் வெட்டுன அன்னைக்குள்ள தேதிய ஓரத்துல போட்டுருவோம். அத நாந்தான் வெட்டுனேன்."

எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. சைஃப் மட்டும் விரலை மடக்கி நாற்பதிலிருந்து நாற்பத்து மூன்று வரை எண்ணிக்கொண்டிருந்தான்.

"இது தெரிஞ்சுமா பத்து போட்டீங்க?" என்று கேட்டாள் ஷ்ருதி.

"சீட்டு எழுதும்போதுதான் மேடம் ஞாபகம் வந்துச்சு. ஐவரும் ஒருமனதாகன்னு வெட்டியிருக்கேன்லா. நான் ஒருத்தன் கொறச்சுப் போட்டா தகடு பொய்யாயிரும். எங்க பட்டறையில இதுவரைக்கும் ஒரு பொய்த் தகடு வெட்டுனதில்ல."

சொல்லிவிட்டு மேடைக்கு வந்து, வைத்தீஸ்வரனின் பைக்குள் தயாராக இருந்த நாலு ஸ்க்ரூவையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து, தகட்டைப் பீடத்தில் வைத்து முடுக்கினான்.

"நல்லா இறுக்கிட்டேன் சார்" என்றான், கோப்பையை அவர் கையில் கொடுத்து. "இனிமே யாரு நெனச்சாலும் தகடக் கழட்டவும் முடியாது, தேதிய மறைக்கவும் முடியாது."