மழைப் பாட்டுக்கு ஒரு டேங்கர்

“எந்தப் பாவிப்பய இந்தக் காட்டைக் காட்டிக்கொடுத்தான்?”

காலையிலிருந்து பூவனலிங்கம் இதையே பத்துத் தடவை கேட்டாகிவிட்டது. பதில் சொல்லத்தான் அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. காடு என்று அவர் சொன்னது பசுவந்தனைக்கு வெளியே இருக்கும் அவருடைய மச்சினன் புஞ்சையை. கோடை உழவு போட்டுக் கட்டியும் தூளுமாகக் கிடந்த சுத்தமான கரிசல். நடுவில் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு பெரிய குடை, குடைக்குக் கீழே சென்னையிலிருந்து வந்த டைரக்டர்.

படத்தின் கதை ரொம்பச் சின்னது. கோவில்பட்டியில் ஒரு கோடைக்காலக் கலை முகாம். பாட்டும் கூத்தும் நடனமும் கற்க வந்த பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். பேசவேண்டிய இடத்திலெல்லாம் பாடுவார்கள், மிச்ச இடத்தில் ஆடுவார்கள். முகாம் நிஜமாகவே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் நடந்தது. அதில் சேர்ந்த பிள்ளைகள்தான் படத்திலும் நடித்தார்கள்.

பூவனலிங்கம் கோவில்பட்டியில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர். படப்பிடிப்பில் பாட்டு ஒலிக்க ஸ்பீக்கர் கொண்டுபோனார். “இனிமே நீங்கதாண்ணே நம்ம லோக்கல் மேனேஜர்” என்று டைரக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு திரிகிறார். இரண்டிலும் மை கிடையாது.

ஆனால் அவருடைய கவலை பேனாவைப் பற்றியதல்ல, மகளைப் பற்றியது. மாரிச்செல்விக்கு மழைப் பாட்டில் முன்வரிசையில் நடு இடம். அவளை முகாமில் சேர்க்க அவர் வீட்டில் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

“பத்தாவது முடிச்ச பிள்ளைய ஆடவிட்டு வேடிக்கை பாக்குதீகளே, உங்களுக்குக் கூறு இருக்கா?” என்று மனைவி உமாராணி கேட்டாள். முகாமின் நடுவிலேயே, சித்தி மகள் வீட்டுக் காதுகுத்து என்று மகளை மணியாச்சிக்கு இழுத்துப்போய் மூன்று நாள் வைத்துக்கொண்டவளும் அவள்தான். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். மழைப் பாட்டை உமாராணி நேரில் வந்து பார்ப்பாள். பிடித்தால் மகள் நடன வகுப்புக்குத் தொடர்ந்து போகலாம். பிடிக்காவிட்டால் சலங்கை பரணுக்குப் போய்விடும், அப்புறம் அந்தப் பேச்சே கூடாது.

இன்றைக்குத்தான் அந்தப் பாட்டு. இன்று விட்டால் இல்லை. சாயங்கால ரயிலுக்குப் பாதிப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

“நேத்து வரைக்கும் ஸ்கூல் சிமெண்டுத் தரைதானே சார்?” என்று டைரக்டரிடம் கேட்டுப் பார்த்தார்.

“ஆமாண்ணே. நேத்து சாயங்காலம்தான் இந்த ஐடியா வந்துச்சு. கரிசல் மண்ணு, முதல் மழை, பசங்க ஆடுறாங்க. நினைச்சுப் பாருங்க!”

“நினைச்சுப் பாத்துத்தான் பயமா இருக்கு சார். நனைஞ்சா இது மண்ணு இல்ல, கோந்து. வச்ச காலு வெளிய வராது.”

“நிலம் கெட்டுப்போகும்னு பயப்படுறீங்க. சரிபண்ணிக் குடுத்துடுவோம்ணே” என்று டைரக்டர் அவர் தோளில் தட்டினார்.

இதற்குமேல் எந்தப் பாஷையில் சொல்வது? பூவனலிங்கம் தானே காரியத்தில் இறங்கிவிட்டார். எல்லோரும் டிபனுக்குப் போன நேரத்தில் கல்யாணப் பந்தலுக்குப் போடும் தார்ப்பாய் நான்கை விரித்து, மேலே நாலு கூடை கரிசல் தூளைத் தூவினார். பார்த்தால் காடு மாதிரியே இருந்தது.

மாரிச்செல்வி இட்லித் தட்டோடு ஓடிவந்தாள். “என்னப்பா செய்யுதீங்க?”

“உனக்காகத்தான் தாயி. இனி மண்ணு ஒட்டாது.”

“அப்போ காலு நல்லா எழும்புமா?”

“எழும்புமாவா? துள்ளும்!”

பிள்ளை முகம் செத்துப்போயிற்று. “அப்பா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். நீங்க ஒண்ணுமே செய்யாம சும்மா இருங்கப்பா.”

வெயிலில் அப்பா அலைகிறாரே என்று பிள்ளைக்கு என்ன பாசம்! பூவனலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் இரண்டு கூடை மண் சேர்த்துப் போட்டார்.

டேங்கர்க்காரர் கமால் மோட்டாரைப் போட்டார். உப்புத் தண்ணீர்தான், குடிக்க உதவாது. உயரத்தில் கட்டியிருந்த ஓட்டைக் குழாய்களிலிருந்து மழை ஜோராகக் கொட்டியது. ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது. பதினாறு பிள்ளைகளும் முதல் அடி வைத்தார்கள்.

தார்ப்பாய்மேல் மண்குழம்பு. கேட்கவா வேண்டும்? கடைசி வரிசை முன்வரிசையை வாரிக்கொண்டு வந்தது. பிடிக்கப் போன முகாம் டான்ஸ் மாஸ்டர் உட்கார்ந்தபடியே வரப்பு வரைக்கும் பயணம் போனார்.

“யாருய்யா இங்க பிளாஸ்டிக் போட்டது?” என்று டைரக்டர் அலறினார்.

லோக்கல் மேனேஜர் ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

பாயை உருவி எறிந்தார்கள். கேமராவை இருபதடி தள்ளி வைத்தார்கள். அதற்குள் பூவனலிங்கத்துக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. அவருக்கு யோசனைக்கா பஞ்சம்? பக்கத்து எண்ணெய்ச் செக்கிலிருந்து கடலைத்தோல் ஆறு மூட்டை வந்து இறங்கியது. மெத்தை மாதிரி பரப்பினால் ஈரத்தைக் குடித்துவிடும் என்பது கணக்கு.

“அப்பா!” என்று மாரிச்செல்வி தூரத்திலிருந்து கத்தினாள்.

“இருக்கேன் தாயி, பயப்படாத!” என்று இவரும் கத்தினார்.

மறுபடியும் மழை, மறுபடியும் பாட்டு. கடலைத்தோல் ஈரத்தைக் குடித்தது, அது உண்மை. குடித்துவிட்டுச் சேற்றோடு சேர்ந்து பிள்ளைகள் முழங்கால் வரைக்கும் ஏறி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொருத்தர் காலும் உரல் கனம் கனத்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து உமாராணி இறங்கினாள். வரப்பில் நின்று எல்லாக் கால்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஏங்க, டான்ஸ் ஆடுதாகன்னு சொன்னீக. இங்கன பிள்ளைகளைக் கடலை மிட்டாய் ஆக்கி வச்சிருக்கீக?”

“இல்லட்டி, அது வந்து...”

“ஒண்ணும் வரவேண்டாம். ஊருக்குள்ள தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருது. இவிய மழை பெய்ய வச்சு விளையாடுதாக. எம்புள்ளய இப்படி நிப்பாட்டுறதுக்குத்தான் அம்புட்டுச் சண்டை போட்டீகளா?”

பூவனலிங்கம் டேங்கர்க் குழாயை இழுத்துவந்து கழுவ ஆரம்பித்தார். பிள்ளைகளின் காலைக் கழுவி முடித்தபோது கமால் டேங்கர் மேல் ஏறி எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, கால் கழுவியே முக்கா லோடு போயிருச்சு. இன்னும் ஒரே ஒரு மழைக்குத்தான் தண்ணி கெடக்கு. அடுத்த லோடுன்னா நாளைக்குத்தான்.”

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? பூவனலிங்கம் டைரக்டர் முன்னால் போய் நின்றார். “சார், பாய் போட்டதும் நாந்தான், தோலு கொட்டினதும் நாந்தான். என்னைத் திட்டுங்க. பிள்ளைகளை மட்டும் வையாதீங்க.”

டைரக்டர் இரண்டு கையையும் கூப்பினார். “அண்ணே, இந்தத் தடவை நீங்க ஸ்பீக்கரை விட்டு நகரவே கூடாது.”

பத்தடி தள்ளிப் புதுசாக ஓர் இடம். வெறும் கரிசல், மேலே ஒன்றுமில்லை. பிள்ளைகள் வெறுங்காலோடு போய் நின்றார்கள். மாரிச்செல்வி நடுவில் நின்றாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத தெளிச்சி இப்போது எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

மழை கொட்டியது. மண் நெகிழ்ந்து, பிள்ளைகளின் பாதம் மறைந்தது. கணுக்காலும் மறைந்தது. பாட்டு எழும்பியது. பிள்ளைகள் வலது காலைத் தூக்கப் பார்த்தார்கள். ஒரு காலும் வரவில்லை. நட்டுவைத்த மாதிரி நின்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்து விழித்தார்கள். தூக்கிவிடப் போன மாஸ்டரும் நாலாவது எட்டில் நின்றுபோனார்.

போச்சு. எல்லாம் போச்சு. பூவனலிங்கம் பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார்.

அப்போது மாரிச்செல்வி இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். காலைத் தூக்க அவள் முயலவே இல்லை. இடுப்புக்கு மேலே மட்டும் ஆடினாள். விரல் விரலாக மழையை வாங்கினாள், கன்னத்தில் பூசினாள், பக்கத்தில் இருந்தவளுக்கு வீசினாள். காற்றில் சோளத்தட்டை சாய்வதுபோல் சாய்ந்து, விழப்போகிறாள் என்று நினைக்கும்போது நிமிர்ந்தாள். மற்றப் பதினைந்து பேரும் அவளைப் பார்த்துப் பார்த்து அப்படியே சாய்ந்து நிமிர்ந்தார்கள். சேற்றில் மாட்டிக்கொண்டு நின்ற மாஸ்டரும் கடைசிச் சரணத்தில் சேர்ந்து கையை ஆட்டினார்.

தண்ணீரும் தீர்ந்தது, பாட்டும் முடிந்தது.

“கட்!” என்று டைரக்டர் கத்தினார். குடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். “மாஸ்டர், இதுதான் பாட்டு! மண்ணு விடமாட்டேங்குது, பசங்க ஆடாம இருக்கமாட்டேங்குறாங்க! இதை யாரால யோசிக்க முடியும்?” சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் கால் மாட்டிக்கொண்டது.

பூவனலிங்கம் பயந்து பயந்து உமாராணி பக்கம் திரும்பினார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, நம்ம பிள்ளைக்குக் கையே பேசுதே!” என்றாள். “அந்த டான்ஸ் கிளாஸ் எந்தக் கிழமைன்னு கேட்டு வைங்க.” சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மகளைப் பிடுங்கி எடுக்கச் சேற்றில் இறங்கிவிட்டாள்.

அப்பாடா! பூவனலிங்கம் அப்படியே ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார். காலையிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மகளின் சிநேகிதி நஸீமா பக்கத்தில் உட்கார்ந்து, குச்சியால் காலிலிருந்த கரிசலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி நஸீமா, காலைல இருந்து நான் ஏசின ஏச்செல்லாம் வாபஸ். இந்தக் காட்டைக் காட்டிக்கொடுத்த புண்ணியவான் யாருன்னு மட்டும் சொல்லு. அவன் வாயில சர்க்கரை போடணும்.”

நஸீமா குச்சியை நிறுத்தாமல் சொன்னாள்:

“உங்க மவ வாயிலதான் போடணும் மாமா. அவ மணியாச்சிக் காதுகுத்துக்குப் போன அந்த மூணு நாள்லதான் மாஸ்டர் கால் ஸ்டெப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தாரு.”